கட்டுநாயக்காவில் இருக்கும் மகளுக்கு

கிரான்,
மட்டக்களப்பு.

அன்பின் மகளுக்கு,

இங்கு நாங்கள் நலம். உன் நலத்துக்கு மாமாங்கேஸ்வரர் துணை.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது உன் போன் வருவதில்லை. கார்மன்டில் ஓவர்டைம் கூடிப்போச்சு என்று அம்மாவிடம் நான்தான் சொல்லி வைத்திருக்கிறேன். நம்பினாளோ இல்லையோ, திருப்பிக் கேட்கவில்லை. நானே எடுக்கலாம்தான். எடுத்தால் அவள் பக்கத்தில் வந்து நிற்பாள், பிறகு பேச வேண்டியதைப் பேச முடியாது. அதனால்தான் கடிதம்.

வெள்ளத்துக்குப் பிறகு மேட்டு வயலில் மறுபடி விதைத்தோம். பரவாயில்லை. தம்பிக்கு இன்னும் நிரந்தர நியமனம் வரவில்லை. கறுப்பி கன்று போட்டிருக்கிறது. வேறு விசேஷம் இல்லை.

பெரிய மாமாவின் மகன் வந்தபோது போனில் ஒரு படம் காட்டினான். கம்பெனி வாயிலுக்கு முன்னால் பெண்பிள்ளைகள் கூட்டம், நடுவில் நீலச் சட்டையோடு ஒருத்தி ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். முகம் பாதிதான் தெரிந்தது. மூக்குத்தியைப் பார்த்துத்தான் ஆள் யார் என்று எனக்கு உறுதியானது. அம்மா கண்ணாடியைத் தேடி உள்ளே போன நேரம் பார்த்துப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பதாகை சிங்களத்தில் இருந்தது. கொழும்பில் வேலை செய்தவனுக்கு அதை வாசிக்கத் தெரியாதா? இரவு வேலை முடிந்து போர்டிங்குக்குப் போக வாகனம் கேட்டிருந்தீர்கள். நியாயமான கோரிக்கை.

நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். யார் எந்தத் தாளை நீட்டினாலும் வாசிக்காமல் கையெழுத்துப் போடாதே.

டித்வா புயல் வெள்ள நேரம் வந்த நிவாரண லொறியைப் பற்றி நான் உனக்கு ஒழுங்காகச் சொல்லவே இல்லை. பாதை மூடியிருந்தது. லொறி பிரதான வீதியோடு நின்றுவிட்டது. அங்கிருந்து உழவு இயந்திரம், அப்புறம் தோணி. இறங்கியவர்களில் ஆண்கள் ஓரிரண்டு பேர்தான், மற்றதெல்லாம் உன் வயதுப் பிள்ளைகள். சாமான் பை எல்லாரும்தான் கொடுக்கிறார்கள். அரிசி, பருப்பு, சீனி, பால்மா, மேலே கொடுத்தவர் படம் ஒட்டின ஸ்டிக்கர். இவர்கள் பையில் ஸ்டிக்கர் இல்லை. அடியில் சின்னதாக இன்னொரு பொட்டலம், கார்மன்ட் வெட்டுத் துணியில் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. நம் வீட்டுப் பையைப் பிரித்தபோது நான் அதை எடுத்து என்ன இது என்று பார்க்க, அம்மா வெடுக்கென்று பறித்துக்கொண்டாள். பிறகுதான் விளங்கியது, பெண்களுக்கு மாதாமாதம் வேண்டியது. முகாமில் இருந்த எந்தப் பெண்ணும் வாய் திறந்து கேட்டிருக்க மாட்டாள். கேட்காமலே கொண்டுவந்திருந்தார்கள். பட்டியலில் பெயர் விடுபட்ட குடும்பங்களுக்கும் கொடுத்தார்கள். சிங்களப் பிள்ளைகள் இரண்டு பேர் நம் பொன்னாச்சியோடு கையாலும் சிரிப்பாலும் பேசிக்கொண்டிருந்ததை ஊர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது.

நீ வருவாய் என்று நான் வீதியில் நின்றேன். லீவு கிடைக்கவில்லை என்றாய். சரி. ஆனால் அது உன் தொழிற்சங்கத்தின் லொறி என்பதையும், எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று சொன்னது நீ என்பதையும் அந்தப் பிள்ளைகள் வாயால்தான் நான் அறிய வேண்டியிருந்தது. பெற்ற தகப்பனுக்குச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

1978 சூறாவளியில் அப்பம்மா வீட்டுக் கூரை போன கதை உனக்குப் பாடம். அந்தக் கூரையைத் திரும்பப் போடத்தான் நான் கொழும்பில் அரசாங்கக் கந்தோரில் சேர்ந்தேன். 1980 ஜூலையில் 300 ரூபாய் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம். அதற்கு முன்னமே ஜூன் 5 மறியலில் சோமபால என்ற தொழிலாளி செத்துப்போயிருந்தார். அந்தச் சூட்டில் நாங்களும் இறங்கினோம். அரசாங்கம் அத்தியாவசிய சேவை என்று அறிவித்தது. வராதவர்கள் பதவியை விட்டுப் போனவர்கள் என்று எழுதி, நாடு முழுக்க 40,000 பேர் அளவில் வீட்டுக்கு அனுப்பியது. எனக்கு வந்தது ரோனியோ அடித்த ஒரு தாள், பெயருக்கு விட்ட இடத்தில் மட்டும் பேனையால் எழுதியிருந்தார்கள். இரவு மெயிலில் வந்து இறங்கினேன். மாமாங்கத் தீர்த்த நேரம், ஊர் நினைத்தது நான் திருவிழாவுக்கு லீவில் வந்திருக்கிறேன் என்று. தீர்த்தம் முடிந்தும் நான் போகாததைக் கண்ட பிறகுதான் கேள்வி தொடங்கியது.

என்ன கேள்வி தெரியுமா? கவர்ன்மென்ட் உத்தியோகத்தை ஏன் விட்டாய்? யாருக்காக விட்டாய்? அவர்களைக் குறை சொல்ல முடியாது. சூறாவளியில் ஊர் தரையோடு தரையாகக் கிடந்தபோது எங்கள் சங்கத்திலிருந்து ஒரு மூடை அரிசி இந்தப் பக்கம் வந்ததில்லை. சந்தா, கூட்டம், சுவரொட்டி எல்லாம் கந்தோர் வாசலோடு முடிந்துவிடும். வெளியில் இருக்கிற கமக்காரனுக்கும் மீன்காரனுக்கும் சங்கம் என்றால் சம்பளம் கூட்டிக் கேட்கிற உத்தியோகத்தர் கூட்டம். அரசாங்கம் எங்களைத் தூக்கி எறிந்தபோது, ஐயோ என்று கேட்க வாசலுக்கு வெளியே ஒரு சனம் இல்லை. 300 ரூபாய் கேட்டது பிழை என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். தனியாகக் கேட்டோம், அதுதான் கேடு.

கண் பரிசோதனை, பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொப்பி, இரத்ததானம் என்று நீங்கள் ஓடுவதை வேலையில்லாத வேலை என்று அம்மா சொன்னபோது நானும் தலையாட்டியிருப்பேன். லொறி வந்த பிறகு அப்படி நினைக்கவில்லை. கிரான் சந்தியில் கடை வைத்திருக்கிறவர், தொழிற்சங்கம் என்ற சொல்லையே வெறுக்கிறவர், போன கிழமை என்னிடம் கேட்டார்: உங்கட மகளின் ஆட்களுக்குச் சம்பளப் பிரச்சினையாமே, என்ன நடந்தது? அவருக்கு அது எப்படித் தெரியும், எனக்கு ஏன் தெரியாது என்பதை நீதான் சொல்ல வேண்டும்.

அரசியலுக்குள் போகாதே என்று நான் சொல்லப்போவதில்லை, சொன்னாலும் நீ கேட்கப்போவதில்லை. குறைந்தபட்ச வேதனம் 17,500இல் கிடந்தது. 2025 ஏப்ரலில் 27,000, 2026 தை பிறக்க 30,000. ஒருவரும் கேட்காமல் சட்டம் தானாக எழுந்து நடக்காது. 2023இல் ஊழியர் சேமலாப நிதியைக் கடன் மறுசீரமைப்புக்குள் இழுத்தபோது, நிதி தன் கடன் பத்திரங்களை மாற்றிக்கொள்ளாவிட்டால் அதன் மீதான வரி 14 வீதத்திலிருந்து 30 வீதமாம் என்று நீ போனில் மூச்சு விடாமல் விளக்கினாய். எனக்குப் பாதி விளங்கவில்லை, ஆனால் பக்கத்து வீட்டுக்காரரிடம் என் மகள் சொன்னாள் என்று முழுவதையும் சொன்னேன். மகஜர் எழுது, தொழில் அமைச்சுக்குப் போ, எம்.பி.மாரிடமும் கொடு. கொடுத்துவிட்டு அவர்களோடு படம் எடுக்க நிற்காதே. மே தினத்துக்கு பஸ் பிடித்து, சோற்றுப் பார்சல் கொடுத்து ஆள் ஏற்றுகிற கட்சிகள் எல்லாம் உங்களைத் தங்கள் ஆட்கள் என்று சொல்லத்தான் பார்க்கும். ஒரு கட்சியின் நிறம் சங்கத்தில் ஒட்டினால் மற்றக் கட்சி வந்ததும் அடி உங்களுக்குத்தான்.

2011இல் தனியார் துறை ஓய்வூதியச் சட்டமூலத்துக்கு எதிராக அதே கட்டுநாயக்காவில்தான் பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள். பொலிஸ் சுட்டது. ரொஷான் சானக்க என்ற பொடியன் செத்தான். பிறகு சட்டமூலத்தைத் திருப்பி எடுத்தார்கள். வெற்றி என்று எல்லாரும் சொன்னார்கள், வெற்றிதான். நான் அந்தப் பொடியனின் அம்மாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். படத்தில் நீ முன்வரிசையில் நிற்கிறாய், மகள். ஒலிபெருக்கியைப் பின்னால் நின்றும் பிடிக்கலாம்.

உன் பெயருக்கு எழுதிய வீட்டுக்குக் கூரை வேலை மட்டும் பாக்கி. ஓடு போடுவோமா சீட் போடுவோமா என்று கேட்டு எவ்வளவு காலம்? அம்மா களுவாஞ்சிகுடிச் சம்பந்தத்தை இன்னும் விடவில்லை. சங்கம் என்று ஊர்வலத்தில் நிற்கிற பெண்ணை யார் கேட்பார்கள் என்று புலம்புகிறாள். அவளுக்கு நான் சொன்ன பதில், வேலை போனவன் என்று தெரிந்தும் உன்னை எனக்குத் தந்தார்கள்தானே. அதற்குப் பிறகு சோறு கொஞ்சம் பிந்தித்தான் வந்தது.

சட்டம் உனக்கு என்னைவிடத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம் என்று 1935ஆம் ஆண்டே சட்டம் இருக்கிறது. நூற்றுக்கு 40 பேர் உங்கள் சங்கத்தில் இருந்தால் கம்பெனி பேச மாட்டேன் என்று சொல்ல முடியாது. சங்கத்தில் இருப்பதற்காக ஒருவரை நிறுத்துவது குற்றம் என்று கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 1999 திருத்தத்தில் இருக்கிறது. சட்டத்தில் இருக்கிறது என்பதற்காகச் செய்யாமல் விடுவார்களா என்ன. அதனால்தான் சொல்கிறேன், சம்பளச் சீட்டு ஒன்றையும் எறியாதே. உன் 8 வீதமும் கம்பெனியின் 12 வீதமும் சேமலாப நிதிக்குப் போகிறதா என்று பார். வாயால் சொல்வதை எழுத்தில் கேள். கடிதம் தந்தால் வாங்கு, வாங்கிய திகதியை மட்டும் எழுது, பிரதி எடு, தொழில் திணைக்களத்துக்கு நாள் கடத்தாமல் போ. தானாக விலகுகிறேன் என்று எழுதச் சொன்னால், எவ்வளவு அன்பாகச் சொன்னாலும், காசு கூடத் தருகிறோம் என்றாலும், கையெழுத்துப் போடாதே. தனி அறைக்குக் கூப்பிட்டால் இன்னொருத்தியையும் கூட்டிக்கொண்டு போ. கையெழுத்துப் போடாதே.

இந்த மாதம் நீ அனுப்புகிற காசு வரவில்லை என்பதற்காக இதெல்லாம் எழுதுகிறேன் என்று நினைக்காதே. அனுப்ப வேண்டாம். நெல் விற்ற காசு இருக்கிறது. சங்கத்தில் யாருக்காவது கஷ்டம் என்றால் சொல்லு, ஒரு மூடை அரிசி பஸ்சில் போட்டுவிடுவேன். இங்கே கொடுக்க ஆள் இருக்கிறது, நான் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

அம்மா பயற்றம் பணியாரமும் கஜுவும் கட்டி வைத்திருக்கிறாள். பார்சலை வழக்கம்போல கம்பெனி விலாசத்துக்கு அனுப்பவா, இல்லை போர்டிங்குக்கு அனுப்பவா? அதை மட்டுமாவது உடனே அறிவி.

இப்படிக்கு,
அப்பா