பொருளியலும் பிடிக்கும், தொழில் தொடங்கவும் ஆசையா?

எல்லோருக்கும் வணக்கம். பொருளியல் படிப்பதா, தொழில் தொடங்குவதா, எதற்கு என்ன வேண்டும் என்பது குழுவில் அடிக்கடி வரும் கேள்வி என்பதால் ஒரே பதிவாகப் போடுகிறேன்.

பொருளியல் படித்தால் வங்கி வேலை, விட்டால் ஆசிரியர் வேலை என்று முடிவுகட்டி விடாதீர்கள். விலை நிர்ணயம், ஏல வடிவமைப்பு (ஏலத்தின் விதிகளை வகுப்பது), தரவு ஆய்வு என்று நிறுவனங்களுக்குள்ளேயே இடம் இருக்கிறது. கூகுளில் எந்த விளம்பரம் எங்கே வரும் என்பதைத் தீர்மானிக்கும் ஏலத்தைச் செம்மைப்படுத்தியவர்களில் ஹால் வேரியன் என்ற பொருளியல் பேராசிரியரும் ஒருவர். வங்கதேசத்தில் ஏழைகளுக்குச் சிறுகடன் தரும் கிராமீன் வங்கியைத் தொடங்கிய முகமது யூனுஸும் பொருளியல் பேராசிரியர்தான். அது 1983இல் முறையான வங்கியானது; அந்த வங்கியோடு சேர்ந்து 2006இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார்.

கணக்கைக் கண்டால் ஓடுபவர்கள் கொஞ்சம் யோசியுங்கள். பொருளியல் படிப்பில் கால்குலஸ் (நுண்கணிதம்), புள்ளியியல் எல்லாம் வந்தே தீரும். ஆராய்ச்சி, மத்திய வங்கி, கொள்கை ஆய்வு என்றால் பெரும்பாலும் முதுகலையும் வேண்டும்.

சரி, தொழில்? அதற்குப் பட்டம் கட்டாயமில்லை. கணக்குப் பதிவியல், அதாவது வரவு செலவை முறையாக எழுதி வைக்கும் கலை, கட்டாயம் (இது என் கட்சி!). லாபம் காட்டும் தொழில்கூடக் கையில் ரொக்கம் இல்லாமல் முடங்கும்: சரக்கு விற்றாயிற்று, பணம் 90 நாள் கழித்துத்தான் வரும், சம்பளமோ மாதக் கடைசியில் கொடுத்தாக வேண்டும். முதலில் ஒரு சிறு நிறுவனத்தில் சேர்ந்து விற்பனையையும் வரவு செலவையும் பக்கத்திலிருந்து பாருங்கள்.

சந்தேகங்களை இங்கேயே கேளுங்கள், தனிச்செய்தி வேண்டாம், மற்றவர்களுக்கும் பயன்படட்டும்.