பசிபிக் என்னும் பெயர் குறித்து

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். எட்டாம் வகுப்புப் புவியியல் பாடத்தில் பசிபிக் பெருங்கடலின் பெயர்க்காரணத்தைப் பிள்ளைகள் ஆர்வமாகக் கேட்டிருக்கிறார்கள். 'பசிபிக் என்றால் அமைதி' என்ற ஒரு வரியோடு அதை விட்டுவிட எனக்கு மனமில்லாததால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

1520 நவம்பர் 28 அன்று தென்னமெரிக்காவின் தென்கோடி நீரிணையைக் கடந்து அக்கடலில் நுழைந்த போர்த்துகீசிய மாலுமி மகெல்லனின் கப்பல்கள், மூன்று மாதம் இருபது நாள் புயலே காணாமல் சென்றன என்று உடன் பயணம் செய்த பிகாஃபெத்தா எழுதி வைத்திருக்கிறார். அப்படி அமைந்த பெயர் இலத்தீனில் 'மாரே பாக்கிஃபிகும்'.

இதிலுள்ள பெயரடையின் அடிப்படை வடிவம் 'பாக்கிஃபிகுஸ்'. அமைதியைக் குறிக்கும் 'பாக்ஸ்' என்ற சொல்லின் அடியோடு, செய்தல் என்னும் பொருளுடைய 'ஃபாகெரே' சேரும்போது, அதன் அகரம் இகரமாகத் திரிந்து '-ஃபிகுஸ்' ஆகிறது. எனவே நேர்ப்பொருள் 'அமைதியான' என்பதன்று, 'அமைதியை உண்டாக்குகிற' என்பதே. 'பாக்ஸ்' என்பதும் ஒப்பந்தத்தைக் குறிக்கும் 'பாக்தும்' என்பதும் ஒரே வேரில் பிறந்தவை. இதற்கு மாறாக, 'பாக்காதுஸ்' என்பது அமைதிப்படுத்தப்பட்டதைக் குறிக்கும். காலியா (இன்றைய பிரான்சுப் பகுதி) முழுவதையும் போரிட்டு அடக்கியதை ரோமானியத் தளபதி சீசர் இச்சொல்லாலேயே குறிப்பிடுகிறார். இந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் கட்டாயம் அறிய வேண்டும்.

தமிழில் 'நல்ல மகன், நல்ல மகள், நல்ல கடல்' என்று பெயரடை மாறாமல் நிற்கிறது. இலத்தீனிலோ அது தான் தழுவும் பெயரின் பால், எண், வேற்றுமைக்கு ஏற்ப மாறும்: ஆண்பாலில் பாக்கிஃபிகுஸ், பெண்பாலில் பாக்கிஃபிகா, நடுப்பாலில் பாக்கிஃபிகும். கடலைக் குறிக்கும் 'மாரே' நடுப்பால். வரைபட வல்லுநர் ஓர்தேலியுஸ் 1589இல் வரைந்த வரைபடத்தின் தலைப்போ 'மாரிஸ் பாக்கிஃபிகி' என்றிருக்கிறது. அது 'பசிபிக் கடலினது' என்னும் ஆறாம் வேற்றுமை ஒருமை. இலத்தீன் விவிலியத்தின் மத்தேயு 5:9இல் வரும் 'பெயாத்தி பாக்கிஃபிகி' ('பெயாத்தி' என்றால் பாக்கியவான்கள்) என்பதிலும் 'பாக்கிஃபிகி' என்ற அதே வடிவம் இருந்தாலும், அங்கே அது ஆண்பால் பன்மை எழுவாய். அதைச் 'சமாதானம்பண்ணுகிறவர்கள்' என்று வழங்கும் தமிழ் விவிலியம், செய்தல் என்னும் பொருளை விடாமல் காத்திருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது.

பருவத்தேர்வில் இப்பெயரை விளக்கும் மாணவர், சொல்லின் இரு பகுதிகளையும் பிரித்துக் காட்ட வேண்டும் என்று ஆசிரியர்களுக்குத் தெரிவித்துள்ளேன். வீட்டிலும் ஒருமுறை பிள்ளைகளை இச்சொல்லைப் பிரித்துச் சொல்லச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்