மழை இரவில் விழித்திருக்கும் பேத்தியைப் பற்றி மகளுக்கு

கும்பகோணம்
11-8-2024

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு நானும் அப்பாவும் நலம். மாப்பிள்ளையும் பாப்பாவும் நீயும் நலமாக இருக்க வேண்டும் என்பதே எப்போதும் எங்கள் வேண்டுதல்.

புதன்கிழமை இரவு நீ தொலைபேசியில் பேசியதிலிருந்து எனக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. கேரளத்தின் வயநாட்டில் மலை சரிந்து ஊர்களை மூடிய செய்தி வந்த நாளிலிருந்து பாப்பா சரியாகத் தூங்குவதில்லை என்றும், மழைச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்து ஜன்னல் வழியாக மருதமலை இருக்கும் திக்கையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்றும், என்னவென்று கேட்டால் "ஒன்றுமில்லை" என்று போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறாள் என்றும் சொன்னாய். கைப்பேசியை வாங்கிப் பூட்டி வைத்துவிட்டேன், வீட்டில் செய்திச் சேனலே போடுவதில்லை, அப்படியும் அவள் தெளியவில்லையே என்று கேட்டாய். அதற்கு அன்று எனக்கு வாயில் பதில் வரவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன்பு உனக்கு நான் செய்ததும் அதேதான் என்பது நினைவுக்கு வந்ததால்தான் பேச்சை மாற்றிவிட்டு வைத்துவிட்டேன். எழுத்தில் சொன்னால் நிதானமாகச் சொல்லலாம் என்று இதை எழுதுகிறேன்.

2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. நீ அப்போது பிளஸ் டூ. நம் ஊரில் ஒரு பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் பற்றிய தீ, மாடியில் கீற்றுக் கூரையின் கீழ் அமர்ந்திருந்த சின்ன வகுப்புப் பிள்ளைகளைச் சூழ்ந்து, 94 குழந்தைகளைக் கொண்டுபோய்விட்டது. அன்று மாலை நீ பள்ளியிலிருந்து வந்தபோது நான் செய்த முதல் காரியம் தொலைக்காட்சியின் வயரைப் பிடுங்கியது. மறுநாள் செய்தித்தாளை மடித்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன். நீ வாயைத் திறந்தபோதெல்லாம், "அதையெல்லாம் நினைக்காதே, பொதுத்தேர்வு வருடம், படிப்பைப் பார்" என்றேன். ஊரே துக்க வீடாகக் கிடந்தபோது நம் வீட்டில் மட்டும் அந்தச் செய்தி நுழையக் கூடாது என்று நினைத்தேன். அது நுழைந்துவிட்டது என்பதும், உன்னை மட்டும் தனியாகப் பிடித்து வைத்திருந்தது என்பதும் எனக்கு ஐந்து மாதம் தெரியவில்லை.

நீ இரவில் படுக்குமுன் அடுப்படிக்குப் போய் சிலிண்டர் குமிழைத் திருகிப் பார்ப்பாய். படுத்த பிறகு எழுந்து வந்து மறுபடியும் பார்ப்பாய். பொறுப்பான பெண் என்று உன் அத்தையிடம் பெருமையாகச் சொன்னேன். அரையாண்டுத் தேர்வு நேரத்தில் உன் மேசையை ஒழுங்குபடுத்தியபோது வேதியியல் நோட்டு ஒன்று கைக்கு வந்தது. பின்பக்கத்திலிருந்து புரட்டினால், செய்தித்தாளில் வந்த அந்தக் குழந்தைகளின் பாஸ்போர்ட் அளவுப் படங்களை ஒவ்வொன்றாகக் கத்தரித்து, வரிசையாக ஒட்டி, ஒவ்வொரு படத்தின் கீழும் வயதை எழுதியிருந்தாய். நாற்பத்தொரு படங்கள். நான் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்த தாள்களிலிருந்தே நீ அவற்றை எடுத்திருந்தாய்.

அந்த மாதக் கடைசியில் சுனாமி வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் போய்விட்டார்கள் என்ற கணக்கெல்லாம் பிறகுதான் வந்தது. அந்த வாரம் தெருவில் எல்லோரும் துணிமணி சேர்த்தபோது, நானும் நீயும் திண்ணையில் உட்கார்ந்து பழைய புடவைகளை மடித்து மூட்டை கட்டினோம், நினைவிருக்கிறதா? இந்த முறை நான் வயரைப் பிடுங்கவில்லை. எதுவும் கேட்கவும் இல்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் சும்மா மடித்துக்கொண்டிருந்தேன். நீ என் முகத்தைப் பார்க்காமல், ஒரு புடவையின் முந்தானையை நீவிக்கொண்டே கேட்டாய்: "அந்தப் பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள் பிள்ளைகளை விட்டுவிட்டு ஓடிவிட்டார்கள் என்று சொல்கிறார்களே, நீ அங்கே இருந்திருந்தால் என்னம்மா செய்திருப்பாய்?"

உனக்குத் தீயைக் கண்டு பயம் என்று நான் நினைத்திருந்தேன். உன் பயம் அதுவே அல்ல. ஊரார் அப்போது பேசிய பேச்சில் ஆசிரியர் என்ற சொல் எப்படி அடிபட்டது என்பதைக் கேட்டுவிட்டு, உன் அம்மாவும் ஓர் ஆசிரியை என்பதை நினைத்து, ஐந்து மாதமாக நீ என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். நான் ஓடியிருக்க மாட்டேன் என்று சத்தியம் செய்யத்தான் நாக்கு துடித்தது. ஆனால் அந்த நேரத்தில் பொய்யோ சத்தியமோ எதுவும் எடுபடாது என்று தோன்றியதால், "அந்தப் புகைக்குள் நின்றால்தான் தெரியும், எனக்குத் தெரியாது, ஆனால் ஜூலையிலிருந்து என் வகுப்பின் பின்கதவுத் தாழ்ப்பாளை நான்தான் தினமும் காலையில் முதல் வேலையாகத் திறந்து வைக்கிறேன்" என்று நடந்ததைச் சொன்னேன். நீ வெகுநேரம் அழுதாய். அதன் பிறகு, நான் கவனித்த வரையில், சிலிண்டர் குமிழை ஒரு முறைக்கு மேல் திருகிப் பார்க்கவில்லை.

இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம், பாப்பாவின் பயம் என்னவென்று நாம் முடிவுகட்டிவிடக் கூடாது என்பதுதான். மலை சரிந்து நம் வீட்டில் விழும் என்று அவள் பயப்படுகிறாள் என நீ சொல்கிறாய். இருக்கலாம். வேறு எதுவாகவும் இருக்கலாம். சேற்றில் கிடந்த பள்ளிப் பைகளின் படத்தைப் பார்த்திருக்கலாம். யாரோ அனுப்பிய வீடியோவை என்னவென்று தெரியாமல் தோழிகளுக்கு அனுப்பிவிட்டு அந்த உறுத்தலில் இருக்கலாம். தூக்கத்திலேயே போய்விட்டார்கள் என்று நாம் ஆறுதலாகச் சொல்லிக்கொண்ட வார்த்தையே அவளைத் தூங்கவிடாமல் செய்திருக்கலாம். எனவே நீ எதையும் விளக்குவதற்கு முன், "நீ என்ன பார்த்தாய், யார் என்ன சொன்னார்கள்?" என்று மட்டும் கேள். கேட்டுவிட்டு, அவள் முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இரு. முப்பத்திரண்டு ஆண்டு வகுப்பில் நின்ற எனக்கே கடைசிவரை கடினமாக இருந்தது அதுதான்.

எதிரே உட்காரவைத்து, "வா, பேசலாம்" என்று தொடங்காதே. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அது விசாரணை. கை ஒரு வேலையில் இருக்கும்போதுதான் அந்த வயதில் வாய் திறக்கும். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, துணி மடித்துக்கொண்டே, ஸ்கூட்டரில் உன் முதுகுக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருக்கும்போது கேள். படுக்கப் போகும் நேரத்தில் வேண்டாம். அப்போது பேசியது இரவு முழுக்க உடன் வரும். அவளாகவே நள்ளிரவில் எழுந்து கேட்டால் மட்டும், காலையில் பார்க்கலாம் என்று தள்ளாமல் அப்போதே கேட்டுக்கொள். அவள் சிரித்தாலோ, அந்தச் செய்தியைக் கேலியாகப் பேசினாலோ கடிந்துகொள்ளாதே. சுனாமிக்குப் பிறகு என் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் அலை வருவதுபோல் நடித்து எல்லோரையும் சிரிக்கவைத்தான். நான் அவனை வெளியே நிறுத்தினேன். வேளாங்கண்ணிக்குப் போன அவன் மாமா திரும்பவில்லை என்பதைத் தலைமையாசிரியர் மாலையில் சொன்னபோது எனக்கு நின்ற இடத்திலேயே கால் தளர்ந்துவிட்டது.

கேள்வி வந்தால் உண்மையைச் சொல். "இங்கெல்லாம் ஒன்றும் ஆகாது" என்ற ஒற்றை வரி பிள்ளையின் வாயை அடைக்குமே தவிர மனத்தை அடக்காது. ஜூலை 30 அன்று நள்ளிரவு தாண்டி முண்டக்கையிலும் சூரல்மலையிலும் நடந்தது ஏன் நடந்தது என்பதை அவளால் புரிந்துகொள்ள முடியும். 48 மணி நேரத்தில் 572 மில்லிமீட்டர் மழை பெய்ததாகக் கேரள முதல்வர் கூறியிருக்கிறார். செங்குத்தான சரிவில், நீரைக் குடித்துக் கனத்த மண், கீழே உள்ள பாறையின் பிடியை விட்டு வழுக்கி, பாறைகளையும் மரங்களையும் ஓடையையும் ஒன்றாகச் சுருட்டிக்கொண்டு ஆற்றின் போக்கில் இறங்கியது. 2019 ஆகஸ்டில் அதே பகுதியில் புத்துமலையில் நடந்ததும் இதுவே. மேற்குத் தொடர்ச்சி மலையின் எந்தப் பகுதிகளைத் தொடக் கூடாது என்று 2011-இல் சூழலியல் அறிஞர் மாதவ் காட்கில் தலைமையிலான குழு அறிக்கை கொடுத்ததையும் சொல். காரணம் இருக்கிறது, காரணத்தை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள், கேட்டிருக்க வேண்டியவர்கள் கேட்கவில்லை என்று தெரியும்போது பிள்ளைக்குக் கோபம் வரும். அந்தக் கோபம் வரட்டும். இன்னதென்று தெரியாத பயத்தோடு இருட்டில் உட்கார்ந்திருப்பதைவிட அது எவ்வளவோ நல்லது. நம் ஊர்த் தீக்குப் பிறகு மாநிலம் முழுவதும் பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்ற உத்தரவு வந்ததும், பிள்ளைகளை இழந்தவர்கள் பத்து ஆண்டு நீதிமன்றத்துக்கு நடந்து 2014-இல் தீர்ப்பைக் கேட்டதும் அவளுக்குத் தெரியட்டும்.

உங்கள் வீட்டைப் பற்றிக் கேட்டால், கோவை வடவள்ளியில் உங்கள் தெரு சமதளத்தில் இருக்கிறது, மலைச்சரிவிலோ ஓடைக்கரையிலோ இல்லை என்பதை வாயால் சொல்வதோடு நிறுத்தாமல், ஒரு மாலை அவளை அழைத்துக்கொண்டு நடந்து, மலையடிவாரம் எங்கே தொடங்குகிறது, வீடு எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்க்கவை. ஆனால் அந்தப் பதிலை வைத்து அவள் துக்கத்தை மூடிவிடாதே. நமக்கு ஆபத்தில்லை என்று தெரிந்த பிறகும் அங்கே போன பிள்ளைகளுக்காக அவள் அழலாம். அழ வேண்டும்.

சூரல்மலையில் ராணுவத்தின் மதராஸ் பொறியாளர் பிரிவினர் இரவு பகலாக வேலை செய்து 190 அடி நீளத் தற்காலிக இரும்புப் பாலமான பெய்லி பாலத்தைக் கட்டி முடித்தார்களே, அந்தப் பணியில் முன்னின்ற மேஜர் சீதா ஷெல்கேயின் படத்தை அவளுக்குக் காட்டியிருப்பாய் என்று நினைக்கிறேன். காட்டு, அந்த இரும்புச் சட்டங்களை ஒன்றோடொன்று எப்படிக் கோத்தார்கள் என்று சேர்ந்து தேடிப் பார். ஆனால் அவள் அழுகிற நேரத்தில் கண்ணைத் துடைக்கும் கைக்குட்டையாக அதை நீட்டாதே. முதலில் அவள் பார்த்த இருட்டை உன்னோடு பகிர்ந்துகொள்ளட்டும், பாலம் அதற்குப் பிறகு வரட்டும்.

கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிடு. நம் காலத்தில் துக்கச் செய்தி வந்தால் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். இன்று பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கையிலும் அதே செய்திதான் ஓடுகிறது. பூட்டி வைத்தால் அவள் தோழியின் கைப்பேசியில் பார்ப்பாள், பார்த்ததை உன்னிடம் சொல்ல மாட்டாள். வீடியோக்கள் தானாக ஓடாதபடி அமைப்பை மாற்றிக் கொடு. இரவில் மூன்று பேருடைய கைப்பேசியும் கூடத்தில் சார்ஜில் இருக்கட்டும், மாப்பிள்ளையுடையதும் சேர்த்து. வேறு நாட்டில், வேறு ஆண்டில் எடுத்த வெள்ளக் காட்சிகளைக்கூட வயநாடு என்று போட்டு அனுப்புகிறவர்கள் உண்டு. ஒரு வீடியோ வந்தால் எங்கே, எப்போது, யார் எடுத்தது என்று இருவரும் சேர்ந்து பார்க்கும் பழக்கம் வந்தால், அதைக் கண்டு நடுங்கும் நேரத்தில் பாதி குறையும்.

ஏதாவது செய்ய வேண்டும் என்று அவள் கேட்டால், உண்டியல் பணத்தை நிவாரண நிதிக்கு அனுப்பலாம், அங்குள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுகள் சேர்க்கலாம். கேட்காவிட்டால் நீயாகத் தூண்ட வேண்டாம். இன்னும் இரண்டு மூன்று வாரம் போன பிறகும் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, பள்ளிக்குப் போக மறுக்கிறாள் என்றால், கண்ணேறு கழிப்பதோடு நின்றுவிடாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போ. அதற்கு முன்பே உனக்கு யோசனை தேவைப்பட்டால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

ஒன்றை மட்டும் கேட்க வேண்டும் என்று இருந்தேன். நீ தூங்குகிறாயா? போன மாதம் 16-ஆம் தேதி இருபதாம் ஆண்டு. பள்ளி வாசலில் படங்களை வரிசையாக வைத்து, மாலையிட்டு, பெற்றோர் விளக்கேற்றியதைப் பார்த்துவிட்டு வந்து உன்னை அழைத்தேன், நீ எடுக்கவில்லை. இரண்டு வாரத்தில் வயநாடு. பாப்பா உன் முகத்தைத்தான் முதலில் பார்ப்பாள். அங்கே நீ எதையோ மறைக்கிறாய் என்று தெரிந்தால் அவளும் மறைப்பாள். எனக்கும் வருத்தமாக இருக்கிறது என்று நீ அவளிடம் சொல்வதால் அவள் உடைந்துவிட மாட்டாள்.

வெள்ளிக்கிழமை ஜன் சதாப்தியில் டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறேன், ஒரு வாரம் உங்களோடு இருக்கிறேன். அந்த வேதியியல் நோட்டு இன்னும் என் பீரோவில், பட்டுப் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் எடுத்துவைத்ததற்கு நீ கோபித்தாலும் சரிதான். பாப்பாவிடம் அதைக் காட்டலாமா வேண்டாமா என்பது உன் விருப்பம்; கொண்டுவரட்டுமா என்று மட்டும் வியாழக்கிழமைக்குள் சொல்.

அன்புடன்,
அம்மா