தகரம் இல்லை, எவர்சில்வர்தான்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

தை பிறந்தால் விலை கொஞ்சம் கூடும் என்று சொல்ல நாலு வரி எழுதுவதாகத்தான் இருந்தேன். அதற்குள் அந்த ஆடியோ வந்துவிட்டது. உங்களில் பாதிப் பேர் கேட்டிருப்பீர்கள். மீதிப் பேருக்கு இந்த வாரத்துக்குள் யாராவது அனுப்பிவிடுவார்கள். ஆகையால் விலையை அப்புறம் பார்ப்போம்.

கேட்காதவர்களுக்காகச் சொல்கிறேன். சினிமாவில் வரும் வாள்களைப் பார்த்து, சுவரில் மாட்டுவதற்கென்று செய்து விற்கிற நம் கடையில் பெரிய வாள் வாங்கிய ஒரு தம்பி, பிறந்தநாள் அன்று அது இரண்டாக முறிந்துவிட்டது என்றும், "பூராவும் தகரம், காந்தம் வச்சா ஒட்டுது, திருநெல்வேலிக்காரன் அல்வா கொடுத்துட்டான்" என்றும் இரண்டு நிமிடம் பேசியிருக்கிறார். கடைப் பேரைச் சொல்லித்தான் பேசியிருக்கிறார். அவர் பேரை நான் சொல்லப்போவதில்லை.

அல்வாவை விட்டுவிடலாம். இந்த ஊரில் கடை வைத்தவன் அதைக் கேட்காமல் காலம் தள்ள முடியாது. தகரம் என்றாரே, அதுதான் தைத்தது.

தகரம் எப்படி இருக்கும் என்று இந்தக் கடைக்குத் தெரியாதா? எங்கள் அப்பா முப்பது வருஷம் தகர வாள்தான் செய்தார்கள், குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவில் வேஷம் கட்டுகிறவர்களுக்கு. புரட்டாசி நெருங்கினால் வீட்டு முற்றம் முழுக்க எண்ணெய் டின்னாகக் கிடக்கும். டின்னை வெட்டி விரித்து, மரச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தி, கையைக் கிழிக்காமல் இருக்க ஓரத்தை உள்பக்கம் மடக்கி, அதன்மேல் ஜிகினாத் தாள் ஒட்டுவார்கள். காளி வேஷம் கட்டுகிறவருக்கு ஒரு அளவு, ராஜா வேஷத்துக்கு இன்னொரு அளவு. முத்தாரம்மனுக்கு மாலை போட்டு விரதம் இருக்கிற ஆட்கள் வந்து கேட்டால், "தகர வாள்தான், இவ்வளவு ஆகும்" என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள். தகரத்தைத் தகரம் என்று சொல்லி விற்ற வீடு இது. பிற்பாடு உலோக ஆயுதம் எதையும் எடுத்துவரக் கூடாது என்று போலீஸ் கண்டிப்பாகச் சொல்ல ஆரம்பித்த பிறகு, மரமும் அட்டையும் போதும் என்று ஆகிவிட்டது. எங்களுக்கும் அந்த வேலை நின்றது. அதற்கு முன்பே 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்கள் 2001 தொடங்கி 2003 வரை மூன்று வருஷம் வரிசையாக வந்து, காலேஜ் பையன்கள் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு "அண்ணாச்சி, இது மாதிரி ஒண்ணு" என்று தெற்கு பஜார் சந்துக்குள் நுழைந்திருந்தார்கள். அப்புறம் 2015-இல் பாகுபலி. மிச்சக் கதை உங்களுக்கே தெரியும்.

சரி, காந்தத்துக்கு வருகிறேன். காந்தம் ஒட்டினால் எவர்சில்வர் இல்லை என்று பாத்திரக் கடையில் சொல்லிச் சொல்லி நம் எல்லோருக்கும் மனதில் பதிந்துவிட்டது. அது தட்டு, தம்ளருக்கு ஓரளவு சரி. வீட்டில் இருக்கும் நல்ல சமையல் கத்தியில் காந்தத்தை வைத்துப் பாருங்கள், பச்சென்று ஒட்டும். அதற்காக அது தகரமா? எவர்சில்வரில் பல ஜாதி உண்டு. பாத்திரத்துக்கு வரும் 304-ஐச் சூடுபடுத்தித் தண்ணீரில் முக்கினாலும் கடினம் ஏறாது, காந்தமும் ஒட்டாது. கத்திக்கும் நம் வாளுக்கும் வருவது 420. அதில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்குக்கு மேல் குரோமியம். சூடுபடுத்திக் கடினமாக்கலாம், முகம் பார்க்கிற மாதிரி பாலிஷ் ஏறும், காந்தம் ஒட்டும். ஒட்டத்தான் வேண்டும். வெளிநாட்டில் யுனைடெட் கட்லரி என்ற கம்பெனி முறையாக லைசென்ஸ் வாங்கிச் செய்யும் ஆண்டுரில் வாளும், 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாயகன் அரகார்ன் கையில் வருவது, 420-தான். ஏறக்குறைய 53 அங்குலம், சுவரில் மாட்டப் பலகையோடு வரும். நம்முடையது லைசென்ஸ் சரக்கு இல்லை, அதைப் பார்த்துச் செய்வதுதான் என்பதைக் கடைப் பலகையிலேயே எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் எஃகு அதே ஜாதி எஃகு.

அப்படியானால் ஏன் முறிந்தது என்று கேட்பீர்கள். முறிந்த துண்டுகளை அந்தத் தம்பியின் கூட்டாளி ஒருவர் ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் போட்டுக் கொண்டுவந்தார். மேஜையில் பரப்பி விளக்கைப் போட்டுப் பார்த்தேன். அலகின் நுனியில் கேக்கின் கிரீம் காய்ந்திருந்தது. அது போகட்டும். நுனியிலிருந்து ஒரு சாண் தள்ளி ஓரத்தில் பல் மாதிரி ஒரு பள்ளம், அதற்குள் சாம்பல் நிறத்தில் என்னவோ இருந்தது. நகத்தால் சுரண்டினால் சிமெண்ட். விசாரித்தால், கேக் வெட்டிய கையோடு காம்பவுண்டு சுவர்மேல் ஒரு இளநீரை வைத்து வீசியிருக்கிறார்கள். முதல் வீச்சில் இளநீர் உருண்டு விழுந்தது. இரண்டாவது வீச்சு சுவரில்.

மூன்று கிலோ கிட்ட எடையுள்ள நீள வாளைச் சுவரில் போட்டால் அந்த அதிர்ச்சி எங்கே போகும்? பிடிக்குள் போகும். அலகிலிருந்து பிடிக்குள் நீளும் பாகத்தை வால் என்போம், அது இருப்பது அங்கேதான். வாளுக்கு உயிர் வாலில்தான் என்று சேகரிக்கிறவர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள். அலகே குறையாமல் பிடி முழுக்க ஓடினால் முழு வால். மெல்லிய கம்பியாக ஓடினால் எலிவால். 420-க்கு இன்னொரு குணமும் உண்டு. சின்னக் கத்தியாக இருக்கிறவரை நன்றாக உழைக்கும், மூன்றடி நான்கடி நீளத்துக்குப் போனால் வில் மாதிரி வளைந்து கொடுக்காது. வளைந்து நிமிர வேண்டுமானால் 1060 மாதிரி கார்பன் எஃகு வேண்டும். அதை வாரம் ஒருமுறை எண்ணெய் போட்டுத் துடைக்காவிட்டால் திருச்செந்தூர்க் காற்றுக்கு ஒரே மாதத்தில் துரு. பளபளப்பும் வேண்டும், துடைக்கவும் முடியாது என்றால் 420-தான் வழி. இதை வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லிவிட்டுத்தான் பில் போடுகிறேன். பில்லில் "சுவரில் மாட்ட மட்டும்" என்று சிவப்பு மையில் முத்திரையும் உண்டு.

'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படத்திலேயே ஒரே வாளைப் பல விதமாகச் செய்திருந்தார்கள். நியூசிலாந்தில் வெல்லிங்டனில் இருக்கும் வேட்டா பட்டறையில், கிட்டத்தில் காட்டும் காட்சிக்கு எஃகு, சண்டைக்கு அலுமினியம், கூட்டத்தில் நிற்பவர்களுக்கு ரப்பர் மாதிரி வார்த்தது. "அரகார்னாக நடித்த விகோ மார்ட்டென்சன் எஃகு வாளையே வைத்துச் சண்டை போட்டாரே" என்று ஒருவர் போனில் மடக்கினார். போட்டார், உண்மைதான். அந்தப் படங்களுக்கு எஃகு வாள் அடித்தவர் பீட்டர் லையன் என்ற கொல்லர். அவர் கைவேலையையும் சுவரில் மாட்டுகிற வாளையும் ஒரே தராசில் வைத்தால் நான் என்ன சொல்ல?

வள்ளியூரிலிருந்து வரும் நம் பழைய வாடிக்கையாளர் ஒருவர், வாத்தியார், துண்டுகளைப் பார்த்துவிட்டு, "ஆண்டுரில் முறிஞ்சா நார்சில். கதைப்படி சரியாத்தானே இருக்கு அண்ணாச்சி, அப்படியே பலகையில மாட்டுங்க" என்றார். கதையில் நார்சில் என்ற முறிந்த வாளைத் திரும்ப அடித்துச் செய்ததுதான் ஆண்டுரில். இரண்டு வாரத்தில் நான் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

ஆடியோவுக்குப் பிறகு இன்னொரு தொல்லை. "கூர் போட்டுத் தருவீங்களா" என்று புது நம்பர்களிலிருந்து கேட்கிறார்கள். தரமாட்டோம். ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கூர் ஆயுதம், வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் ஆனது தவிர, 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்துக்குள் வரும். வாளால் கேக் வெட்டிப் படம் போட்டு, மறுநாள் ஸ்டேஷனில் நிற்கிற செய்தியை நீங்களும் பேப்பரில் பார்க்கிறீர்கள். நெல்லை என்றாலே கையில் அரிவாளைக் கொடுத்து சினிமாக்காரர்கள் செய்து வைத்தது போதும்.

இப்போது விலை. பித்தளை, தோல், கேஸ் மூன்றும் ஏறிவிட்டன. தை முதல் தேதியிலிருந்து பெரிய வாளுக்கு நூற்றுக்குப் பதினைந்து, 'ரிங்ஸ்' படத்து ஸ்டிங் போன்ற சின்ன வாளுக்குப் பத்து கூடும். பார்சலில் என்ன என்று கேட்டு, வாள் என்று சொன்னால் கூரியர்காரர்கள் கையை எடுத்துக் கும்பிடுகிறார்கள். அதனால் இனி நேரில் வந்து வாங்கிக்கொள்வதுதான் உசிதம். முன்பணம் திருப்பித் தரும் வழக்கம் எப்போதும்போல இல்லை.

காத்திருக்கும் நாளும் கூடும். பாலிஷ் போடுகிற ஆசாரி அண்ணாச்சி கார்த்திகையோடு நின்றுவிட்டார்கள். கண்ணில் புரை, மகன் கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போய்விட்டார். இருபத்திரண்டு வருஷம். பஃபிங் சக்கரத்தில் அலகை வைத்தால் சத்தத்தை வைத்தே மெழுகு போதுமா போதாதா என்று சொல்லிவிடுவார்கள். அதே படத்து க்ளாம்ட்ரிங் வாளின் பிடிக்குத் தோல் சுற்றும்போது தையல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இப்போது இருக்கிற தம்பி கெட்டிக்காரன், ஆனால் கை பழக வேண்டும். மூன்று வாரம் என்றிருந்ததை எட்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்கும் நடுவில், ஆடியோ வந்த மறுநாளே கடைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர்களை மறக்க மாட்டேன். அம்பாசமுத்திரத்து அக்கா ஒருவர், பத்து வருஷத்துக்கு முன் மகனுக்கு ஸ்டிங் வாங்கிப் போனவர், அதைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். மகன் வேலைக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது, இன்னும் இவர்தான் வெள்ளிக்கிழமை விளக்கு துடைக்கிற கையோடு அதையும் துடைக்கிறாராம். ஒரு புள்ளித் துரு இல்லை. "இதைப் போட்டோ எடுத்து அந்த ஆடியோக்காரனுக்கு அனுப்புங்க" என்றார். அனுப்பவில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லுக்கு என் நன்றியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. போன் போட்டுத் தைரியம் சொன்ன மேலப்பாளையம் பாய்க்கும், மூன்று வாளுக்குச் சேர்த்து ஆர்டர் கொடுத்த தென்காசி டாக்டருக்கும் அப்படியே.

பராமரிப்பு பற்றிக் கேட்டவர்களுக்கு: தோல் உறைக்குள் போட்டு வைக்காதீர்கள், குற்றாலச் சாரல் காலத்தில் உறை ஈரம் குடித்து அலகில் கறை ஏற்றிவிடும். கைரேகையைப் பருத்தித் துணியால் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளானால் பிசுக்காகும். போன ஆனியிலிருந்து ஐப்பசி வரை பெரிய வாள் வாங்கியவர்கள் அதையும் ஒருமுறை கொண்டுவந்து காட்டிவிடுங்கள், வடக்கிலிருந்து வந்த அந்த ஒரு லாட்டில் சிலவற்றுக்கு வால் பற்றவைத்ததாக இருக்கிறது, மாற்றித் தருகிறோம், கூலி மட்டும் ஆகும். சுவர் ஆணி இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும்.

பொங்கலுக்கு மூன்று நாள் கடை இருக்காது. மற்ற நாட்களில் காலை பத்து முதல் இரவு எட்டு வரை இருப்பேன். காந்தம் ஒன்றை மேஜை மேலேயே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கடைக்காரர்,
தெற்கு பஜார், பாளையங்கோட்டை.

பி.கு.: ஸ்டிங் வாளுக்குள் நீல விளக்கு வைக்கக் கேட்டிருந்த தம்பிக்கு: எஃகுக்குள் வைக்க முடியாது. பலகைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன், சுவிட்ச் இடது பக்கம். கதையில் ஓர்க் என்ற அரக்கர்கள் கிட்டே வந்தால் ஸ்டிங் தானாக நீலமாக ஒளிரும், இங்கே ஓர்க் வந்தால் நீங்கள்தான் போட வேண்டும்.