பழைய பைக்கின் பிரேக்கைச் சீராக்குவது குற்றமாக இருக்கக்கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விதிகளை மீறி மாற்றியமைக்கப்பட்ட இருசக்கர வாகனங்கள் பறிமுதல் செய்யப்படுவது குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வந்த செய்தியைப் படித்தேன். சைலன்சரைக் கழற்றிவிட்டு நள்ளிரவில் குடியிருப்புத் தெருக்களில் பைக்கை முறுக்குகிறவர்கள் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை மனமார வரவேற்கிறேன். ஆனால், பழைய ஸ்போர்ட்ஸ் பைக்குகளை வீட்டிலேயே பிரித்து, பழுதுநீக்கி, பாதுகாப்பாக ஓடும் நிலைக்குக் கொண்டுவருபவர்களும் அதே பட்டியலில் சேர்க்கப்பட்டிருப்பதைப் பார்த்து வருந்தினேன். இந்த இரு தரப்பையும் பிரித்துப் பார்ப்பதற்கான வழி இன்று நம் விதிகளில் தெளிவாக இல்லை என்பதைச் சுட்டிக்காட்டவே இதை எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது ராஜ்தூத் யமஹா ஆர்.டி. 350. ஜப்பானின் யமஹாவுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983-இல் இந்தியாவில் தயாரிக்கத் தொடங்கிய, 347 சி.சி. கொள்ளளவும் இரட்டை சிலிண்டரும் ஆறு கியர்களும் கொண்ட டூ ஸ்ட்ரோக் வண்டி அது. சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்த கடைசி ஆண்டுகளைப் பார்த்தவர்களுக்கு அதன் ஓசை இன்னும் காதில் இருக்கும். ஜப்பானிய மூல வண்டியின் திறன் 39 குதிரைத்திறன். எரிபொருள் சிக்கனத்தைக் கருதி இங்கே அதை அடக்கி, முதலில் 30.5 குதிரைத்திறனும் பிறகு 27 குதிரைத்திறனும் கொண்ட இரு வகைகளாக விற்றார்கள். நம் ஊர்களில் அவற்றை எச்.டி. (ஹை டார்க்), எல்.டி. (லோ டார்க்) என்றே சொல்வோம். செலவைக் குறைக்கும் நோக்கில், முன்சக்கரத்தில் இருந்த டிஸ்க் பிரேக்கை எடுத்துவிட்டு டிரம் பிரேக் வைத்தார்கள். இந்தக் கடிதத்தின் மையமே அந்த டிரம் பிரேக்தான்.

வீட்டில் வண்டி கட்டுவது என்றால் பெயின்ட் அடித்து ஸ்டிக்கர் ஒட்டுவது என்று நினைப்பவர்களுக்காக, அந்த வேலையின் ஒரு பகுதியை மட்டும் விளக்க விரும்புகிறேன். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில், பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் சுழலும் அறையான கிராங்க் கேஸ் காற்றுப் புகாமல் இருப்பதே உயிர்நாடி. கிளட்ச் பக்கத்து கிராங்க் ஆயில் சீல் போய்விட்டால் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை கக்கும். அதைக் கண்ணால் பார்த்துவிடலாம். டைனமோ பக்கத்து சீல் போனால் வெளிக்காற்று உள்ளே நுழைந்து பெட்ரோல்-காற்றுக் கலவை மெலியும் (பெட்ரோலின் பங்கு குறையும்), புகையே வராது, நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது பிஸ்டன் சூடேறி சிலிண்டருக்குள் இறுகி (சீஸ் ஆகி), பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். எனவே கிராங்கை லேத்தில் கொடுத்து பெரிய பேரிங், கனெக்டிங் ராடு மாற்றிச் சீராக்கிய பிறகும், சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து (ரீபோர் செய்து) ஓவர்சைஸ் பிஸ்டன் போட்ட பிறகும், இன்ஜினை ஃபிரேமில் ஏற்றுவதற்கு முன் கசிவுச் சோதனை செய்தே ஆகவேண்டும். கார்புரேட்டர் வாய்களையும் சைலன்சர் வாய்களையும் ரப்பர் தகடு வைத்து அடைத்து, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியில் இருப்பது போன்ற ரப்பர் குமிழால் சதுர அங்குலத்துக்கு 6 பவுண்டு அளவுக்குக் காற்றேற்ற வேண்டும். அழுத்தமானியின் முள் ஆறு நிமிடம் இறங்காமல் நிற்கவேண்டும். முள் இறங்கினால் சோப்பு நீரைத் தடவி, குமிழி வரும் இடத்தைத் தேடிச் சரிசெய்ய வேண்டும். கோவை, சென்னை, மதுரை என்று எந்த ஊரிலும் இதைப் பொறுமையோடு செய்பவர்கள் இருக்கிறார்கள். சென்னையின் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் அலைந்து உதிரிபாகம் சேர்க்கும் இவர்களைப் போக்குவரத்துக்கு இடையூறானவர்கள் என்று சொல்வது முறையல்ல.

இதுவரை சொன்ன வேலை எதற்கும் சட்டம் குறுக்கே நிற்பதில்லை, ஏனெனில் எல்லாமே பழைய நிலைக்குத் திருப்புவதுதான். சிக்கல் தொடங்குவது அதற்குப் பிறகு. மீண்டும் முழுத் திறனோடு ஓடக்கூடிய அந்த வண்டியை நிறுத்துவதற்கு இருப்பது 1980-களின் டிரம் பிரேக். டிரம் சூடேறியதும் பிடிமானம் குறையும். மழைநீர் புகுந்தால் முதல் சில பிடிப்புகளுக்கு ஒன்றுமே நடக்காது. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட எந்தப் புதிய இருசக்கர வாகனத்தையும் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். இல்லாமல் விற்க முடியாது. பிரேக்கைப் பற்றி அவ்வளவு அக்கறை காட்டும் அதே அரசின் விதிகள், 350 சி.சி. பைக்கில் டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் மாட்டியவரைச் சந்தேகத்தோடு பார்ப்பது எந்த வகையில் பொருந்தும்? அந்த வண்டியின் மூல வடிவமைப்பிலேயே டிஸ்க் பிரேக் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

எரிபொருள் விஷயம் இன்னும் தெளிவானது. நம் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2025-இல் 20 சதவீதத்தை எட்டிவிட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் வந்த கார்புரேட்டரின் ரப்பர் வளையங்களும் பெட்ரோல் குழாய்களும் அந்தக் கலவைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவை ஊதியோ வெடித்தோ போகின்றன. எத்தனால் ஈரத்தை உறிஞ்சுவதால், நாள்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திவைத்த வண்டியின் டேங்க் உள்ளே துருப்பிடிக்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளையான ஜெட் பழைய அளவிலேயே இருந்தால் கலவை மெலிந்துவிடுகிறது என்பது. மெலிந்த கலவை டூ ஸ்ட்ரோக் இன்ஜினை என்ன செய்யும் என்பதை மேலே சொன்னேன். ஆகவே மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்கி, எத்தனாலைத் தாங்கும் ரப்பருக்கு மாறுவது இன்று ஆசைக்குச் செய்யும் காரியம் இல்லை. பெட்ரோல் பங்கில் கிடைக்கும் எரிபொருள் மாறிவிட்ட பிறகு, வண்டியில் எதுவுமே மாறக்கூடாது என்று யாரும் சொல்ல முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் மாறுபடும்படி வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதையே உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க வழிசெய்கிறது. நோக்கம் சரியானதே. ஆனால் நம் ஆர்.சி.யில் இன்ஜின் கொள்ளளவு, எரிபொருள், நிறம், எடை ஆகியவற்றுக்கு இடமுண்டு. பிரேக் என்ன வகை என்பதற்கு இடமே இல்லை. எனவே டிரம்முக்குப் பதில் டிஸ்க் மாட்டுவது விதிமீறலா, பழுதுபார்ப்பா என்பது அன்றைக்கு இருக்கையில் அமர்ந்திருக்கும் அதிகாரியின் பார்வையைப் பொறுத்ததாகிவிடுகிறது. பதினைந்து ஆண்டு முடிந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பதால், பழைய பைக் வைத்திருப்பவர் இந்தக் கேள்வியிலிருந்து தப்பவும் முடியாது.

என் வண்டிக்குப் பதிவு புதுப்பிக்கச் சென்றபோது, இந்த மாநிலத்தின் ஓர் அலுவலகத்தில் ஆய்வு செய்தவர் சேஸ் எண்ணைப் பென்சிலால் பதிவெடுத்துப் பார்த்தார், புகைச் சான்றைப் பார்த்தார், எல்லாம் சரி என்றார். பிறகு முன்சக்கரத்து டிஸ்க்கைப் பார்த்துவிட்டு, பழைய டிரம்மையே மாட்டிக்கொண்டு வரும்படி சொல்லி அனுப்பினார். வண்டியை ஓட்டிக்காட்டுகிறேன், நிறுத்திக்காட்டுகிறேன் என்று கேட்டுக்கொண்டும் பயனில்லை. அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அனுமதிக்கவும் மறுக்கவும் அவர் கையில் எழுத்துப்பூர்வமான அளவுகோல் எதுவும் இல்லை. டிரம்மை மாட்டிக் காட்டிச் சான்று வாங்கி, வீட்டுக்கு வந்து மறுபடியும் டிஸ்க்கை மாட்டிக்கொள்வதுதான் ஊரறிந்த வழக்கம் என்று பலரும் எனக்குச் சொன்னார்கள். நேர்மையாக வண்டி கட்டுகிறவரைப் பொய் சொல்லத் தூண்டும் நடைமுறை இது.

பழம்பெரும் வாகனங்களுக்காக 2021-இல் மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்ததே என்று சிலர் கேட்கலாம். அவை முதற்பதிவு நடந்து 50 ஆண்டுக்கு மேலான வாகனங்களுக்கு மட்டுமே. அதிலும் மூல வடிவம் மாறாமல் இருக்கவேண்டும். அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்டவும் கூடாது. 1983-இல் பதிவான வண்டிக்கு 50 வயது நிறைவது 2033-இல்தான். அதுவரை இந்த வண்டிகள் பழம்பொருளாகவும் மதிக்கப்படாமல், புதிய வண்டிக்கு நிகரான பாதுகாப்பும் பெற முடியாமல் நடுவில் நிற்கின்றன. பிரிட்டனில் 40 ஆண்டு கடந்த வாகனங்களுக்கு ஆண்டுச் சோதனையிலிருந்து விலக்குண்டு, பெருமளவு மாற்றப்பட்டவற்றுக்கு அது கிடையாது. ஆனால் அச்சு, சக்கரம் முதலிய ஓட்டப் பாகங்களில் பாதுகாப்பையோ செயல்திறனையோ மேம்படுத்தச் செய்யும் மாற்றம் அந்தக் கணக்கில் வராது என்று அந்நாட்டு அரசின் வழிகாட்டுதல் தெளிவாகக் கூறுகிறது.

நாமும் வெளிநாட்டைப் பார்த்துத்தான் கற்கவேண்டும் என்பதில்லை. பெட்ரோல் காரில் சி.என்.ஜி. கிட் பொருத்தினால் ஆய்வுசெய்து ஆர்.சி.யில் ஏற்றித்தருகிறார்கள். மாற்றுத்திறனாளிகளின் ஸ்கூட்டரில் பக்கச் சக்கரங்கள் பொருத்துவதை அனுமதித்துப் பதிவுசெய்கிறார்கள். மாற்றங்களுக்கான தரத்தையும் நிபந்தனைகளையும் மத்திய அரசு வகுக்கலாம் என்று 52-ஆம் பிரிவிலேயே இடம் விடப்பட்டிருக்கிறது. இந்த வழியைப் பழைய பைக்குகளின் பிரேக், விளக்கு, இக்னிஷன் ஆகியவற்றுக்கும் திறந்துவிடுவதில் தொழில்நுட்பத் தடை ஏதும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆர்.டி.யில், தீப்பொறி எழும் நேரத்தைத் தீர்மானிக்கும் பாயின்ட் செட்கள் சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு. அவை சமமாகத் தேயாததால் இரண்டு சிலிண்டர்களும் வெவ்வேறு டைமிங்கில் எரியும். அதற்குப் பதில் மின்னணு இக்னிஷன் போட்டால் எரிப்பு சீராகும், புகையும் குறையும். 2000 மார்ச் 31 வரை தயாரான இருசக்கர வாகனங்களுக்கு கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 9,000 பி.பி.எம். என்ற வரம்பு உண்டு. ஒழுங்காகக் கட்டி, ஜெட் சரியாக வைத்த வண்டி அந்த வரம்புக்குள் நிற்கும்.

எல்லா மாற்றங்களையும் நான் ஆதரிக்கவில்லை. சிலிண்டரின் வாயுத் துளைகளான போர்ட்டைக் கடைந்து, ஒலியடக்கி இல்லாத பந்தயப் புகைக்குழாயான எக்ஸ்பான்ஷன் சேம்பர் மாட்டி, பந்தயத் திடலில் ஓட்டவேண்டிய வண்டியை அவிநாசி சாலையில் ஓட்டுவது தவறு; அதற்கு இருங்காட்டுக்கோட்டையிலும் செட்டிபாளையத்திலும் ஓடுதளங்கள் இருக்கின்றன. பழைய ஃபோர்க்கில், டிஸ்க்கைப் பிடிக்கும் காலிபரின் தாங்கியை வெல்டிங் வைத்து ஒட்டவைப்பது தன்னைத்தானே கொல்லும் வேலை. டிஸ்க் வேண்டுமென்றால் ஃபோர்க், ஹப், மாஸ்டர் சிலிண்டர் எல்லாவற்றையும் ஒரே வண்டியிலிருந்து ஒருசேர எடுத்து, ஸ்டீயரிங் பேரிங்கை அளவு பார்த்துப் பொருத்த வேண்டும். சேஸை வெட்டி நீளம் குறைப்பதை எந்த நிபந்தனையிலும் அனுமதிக்கக்கூடாது. இந்தத் துறைக்கு வரும் இளைஞர்களிடம் நான் சொல்வதும் இதுவே: கையில் இருக்கும் பணத்தை முதலில் பிரேக், டயர், வயரிங் ஆகியவற்றில் போடுங்கள், அவை சரியான பிறகே இன்ஜினைத் தொடுங்கள்.

மாநிலப் போக்குவரத்துத் துறை செய்யக்கூடியது எளிது. பழைய இருசக்கர வாகனத்தில் முன்சக்கர டிஸ்க் பிரேக், மின்னணு இக்னிஷன், கூடுதல் வெளிச்சம் தரும் முறையான முகப்பு விளக்கு ஆகிய மூன்றையும் மோட்டார் வாகன ஆய்வாளர் நேரில் பார்த்து, குறிப்பிட்ட வேகத்தில் ஓட்டி நிறுத்தும் தூரத்தை அளந்து, கட்டணம் பெற்றுக்கொண்டு பதிவில் குறித்துத்தரலாம் என்று எல்லா வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பவேண்டும். அதற்கு மத்திய அரசின் அனுமதி தேவையென்றால், 52-ஆம் பிரிவின் கீழ் விதி வகுக்கும்படி மாநில அரசு எழுதிக் கேட்கவேண்டும். தங்கள் நாளிதழும் இந்தக் கோரிக்கையைத் துறையின் கவனத்துக்குக் கொண்டுசென்று, அதன் பதிலைப் பெற்று வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
கோயம்புத்தூர்.