அருங்காட்சியகத்தில் நம் பிள்ளைகளின் கச்சேரி

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வரும் 22-ஆம் தேதி சனிக்கிழமை காலை 10.30 மணிக்கு, புதுக்கோட்டை திருக்கோகர்ணம் அரசு அருங்காட்சியகத்தில் ஒரு கூடத்தில் நம் பிள்ளைகள் ஆறு பேர் கச்சேரி செய்கிறார்கள். மைக் கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது, மேடையும் கிடையாது. ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்து வாசிப்பார்கள். கேட்பவர்களும் அதே தரையில்தான். முழங்கால் வலி உள்ள தாத்தா பாட்டிகளுக்குப் பின்வரிசையில் பத்து நாற்காலி போட்டுவிடுவோம்.

ஐம்பது பேருக்குத்தான் இடம் என்றதும் சிலருக்கு வருத்தம். "ஆண்டு விழாவிலேயே வைத்தால் ஊரே பார்க்குமே சார்" என்று நேரில் வந்து கேட்டவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். போன ஆண்டு அப்படித்தான் வைத்தோம். வீணை வாசித்த மாணவியின் முறை வந்தபோது மைக் இரண்டு தடவை கீச்சிட்டது, பின்வரிசையில் சுண்டல் விநியோகம் நடந்துகொண்டிருந்தது. வாசித்து முடித்துக் கீழே இறங்கியவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "சார், நான் வாசிச்சது கேட்டுச்சா?" கேட்டது என்று சொன்னேன். உண்மையில் எனக்குப் பாதிதான் கேட்டது.

வீணையின் குணம் அப்படி. அதில் விரல் வைத்து அழுத்தும் 24 மெட்டுகள், ஏழு தந்திகள். மீட்டியதும் எழும் ஒலி எல்லோருக்கும் கேட்கும். ஆனால் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து அவள் கொண்டுவரும் கமகம், அதாவது சுரத்தின் அசைவு, அந்த ஒலி தேய்ந்துகொண்டே போகும்போதுதான் பிறக்கிறது. பெரிய அரங்கில் அது மின்விசிறிச் சத்தத்திலேயே கரைந்துவிடும். அதனால் அவள் வாசிக்கும்போது விசிறிகளை நிறுத்தப் போகிறோம். கொஞ்சம் வியர்க்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இதில் அதிகம் சிரமப்பட்டவன் மிருதங்கம் வாசிக்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவன். முதல் ஒத்திகையில் வீணையை முழுக்க மூழ்கடித்துவிட்டான். இப்போது பாதி பலத்தில் வாசிக்கப் பழகியிருக்கிறான். அதுதான் கஷ்டம் என்று அவனே சொல்கிறான்.

சரி, அதற்கு ஏன் அருங்காட்சியகம்? 1910-இல் புதுக்கோட்டை சமஸ்தான காலத்தில் தொடங்கியது அது. சிற்பங்களும், சமஸ்தானம் வெளியிட்ட அம்மன் காசும் பார்க்கப் பிள்ளைகளை ஆண்டுதோறும் அழைத்துப் போகிறோம், ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுகிறோம். ஆனால் நம் ஊரின் பழம்பெருமையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க முடியாதது ஒன்று உண்டு. பஜனையில் தட்டிக்கொண்டிருந்த கஞ்சிரா என்ற சிறிய கைத்தாள வாத்தியத்தைக் கச்சேரிக்குக் கொண்டுவந்தவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. அவருடைய சீடர் தட்சிணாமூர்த்திப் பிள்ளையும் அவருக்குப் பின் வந்தவர்களும் வளர்த்த வழியை இன்றும் தாள வாத்தியக்காரர்கள் புதுக்கோட்டை பாணி என்றே சொல்கிறார்கள். ஒரு சாண் அகலப் பலா வளையம், அதில் ஒரு ஜோடிச் சலங்கை, அவ்வளவுதான் வாத்தியம். நம் எட்டாம் வகுப்பு மாணவன் வாசிப்பதைக் கேட்டுவிட்டு, அதற்குள் இவ்வளவு இருக்கிறதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். நடுவில் அவன் தோலின் உட்புறம் தண்ணீர் தடவினால் விளையாடுகிறான் என்று நினைக்க வேண்டாம். சுருதியை அப்படித்தான் இறக்குவார்கள். ஒரு தந்தை கேட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: பழைய கஞ்சிராக்கள் உடும்புத் தோலில் செய்தவை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உடும்பைத் தொடக்கூடாது. நம்முடையது ஆட்டுத் தோல்.

போன வாரம் ஆறு பேரையும் குடுமியான்மலைக்கு அழைத்துப் போனோம். குடைவரைக் கோயிலை ஒட்டிய பாறையில் இருக்கும் இசைக் கல்வெட்டு பெரும்பாலும் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. பல்லவ கிரந்தம் என்ற பழைய எழுத்தில் ஏழு பகுதிகள். நான்கு நான்காகச் சுரங்கள். ர, ரி, ரு, ரெ என்று ஒரே சுரம் உயிரெழுத்து மாறி மாறி வருவதைப் படித்துக் காட்டியதும் பிள்ளைகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வெட்டுவித்த அரசர் யார் என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை. ஆனால் எதற்காக என்பதை அவரே எழுதிவிட்டார்: ருத்ராசாரியாரின் மாணவரான தான், மாணவர்களின் நன்மைக்காக இதைச் செய்ததாக. முப்பது வருடம் கரும்பலகையில் எழுதி அழித்தவன் நான். அந்த வரியின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

ஒரு தாய்க்குத் தனியாகப் பதில் சொல்லியாயிற்று. மற்றவர்களுக்கும் அதே எண்ணம் இருக்கலாம் என்பதால் இங்கும் எழுதுகிறேன். "என் மகள் பாடவில்லையா, தம்பூரா மட்டுமா?" என்று கேட்டார். சுருதிப் பெட்டியை அழுத்திவிட்டுச் சும்மா இருக்கலாம்தான். ஆனால் அந்தச் சின்ன அறையில் நிஜத் தம்பூராவின் நாலு தந்தியும் சேர்ந்து ரீங்கரிப்பது வேறு. தந்திகளைத் தாங்கும் குதிரை என்ற கட்டையின்மேல், தந்திக்கு அடியில் இருக்கும் நூலை மயிரிழை நகர்த்தி அந்த ரீங்காரத்தைக் கொண்டுவர அவளுக்கு மூன்று மாதம் ஆனது. ஒன்றரை மணி நேரம் அவள் விரல் நிற்கக்கூடாது. பாடும் இருவரும் சுருதியிலிருந்து கொஞ்சம் விலகினால் முதலில் திரும்பிப் பார்ப்பது அவளைத்தான். அந்த அம்மா முன்வரிசையில் உட்கார வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

நாகஸ்வரம் கற்கும் மாணவனை விட்டுவிட்டோம் என்று யாரும் எண்ண வேண்டாம். அது திறந்தவெளிக்கும் கோயில் வீதிக்கும் பிறந்த வாத்தியம். அறைக்குள் வாசித்தால் நம் காது தாங்காது. அவன் வெளியே மரத்தடியில் 10 மணிக்கு வாசிக்கத் தொடங்குவான். அந்த நேரத்துக்கே வந்துவிடுங்கள்.

ஒரு குடும்பத்துக்கு இரண்டு பேர். கைக்குழந்தை கணக்கில் இல்லை. அழுதால் வெளியே தூக்கிப்போய் நாகஸ்வரக்காரத் தம்பியோடு உட்காரலாம். செல்போனில் படம் பிடிக்க வேண்டாம். ஓவிய ஆசிரியர் பதிவு செய்து எல்லோருக்கும் அனுப்புவார். பரிசு, கேடயம், பொன்னாடை எதுவும் இல்லை. தலைமையுரையும் இல்லை என்பதை மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

அப்புறம் ஓர் உதவி. தம்பூராவையும் வீணையையும் பள்ளி வேனில் நெருக்கியடித்துக் கொண்டுபோக எனக்குப் பயமாக இருக்கிறது. பின் இருக்கையை மடக்கக்கூடிய கார் வைத்திருப்பவர் யாராவது இருந்தால் வியாழக்கிழமைக்குள் பள்ளி அலுவலகத்தில் சொல்லுங்கள். காலை 8.30-க்குப் புறப்பட வேண்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்