நாகர்கோவில் வானொலி நேயர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்புக்குரிய தலைவர், பொருளாளர், வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. பிப்ரவரி 13, உலக வானொலி நாளில் பள்ளி மாணவர்களுக்குப் பேச்சுப்போட்டி நடத்தினோம். மறைந்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தினோம்.

இந்த ஆண்டின் பெரிய வேலை, நம் வானொலி நிலையத்தின் வரலாற்றைத் தொகுப்பது. “அதெல்லாம் அரசாங்கத்து வேலை, நமக்கெதுக்கு?” என்று போன பொதுக்குழுவில் சிலர் கேட்டார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1984 அக்டோபர் 30 அன்று தொடங்கிய நாகர்கோவில் நிலையம்தான் அகில இந்திய வானொலியின் முதல் உள்ளூர் நிலையம். அதற்கு முன் நமக்கு ஒரு பக்கம் திருவனந்தபுரம், இன்னொரு பக்கம் 1963-இல் வந்த திருநெல்வேலி, அப்புறம் இலங்கை. மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956-இல். நம் ஊருக்கென்று ஒரு நிலையம் வர அதன்பின் 28 ஆண்டுகள் ஆயின. வயலும் கடலும் ரப்பர் தோட்டமும் மூன்று விதப் பேச்சும் உள்ள இந்தச் சின்ன மாவட்டத்துக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! நிலையம் தொடங்கிய மறுநாளே பிரதமர் இந்திரா காந்தி படுகொலை செய்யப்பட்டார். அந்த வாரம் வானொலிப் பெட்டி முன் உட்கார்ந்திருந்தவர்கள் இந்த மன்றத்திலேயே இருக்கிறார்கள். அவர்கள் நினைவில் இருப்பதை இதுவரை யாரும் எழுதி வைக்கவில்லை.

ஒலிப்பதிவுகளின் நிலைமை இன்னும் மோசம். ஸ்பூல் நாடாவை அழித்து அதிலேயே மறுபடி பதிவு செய்வது அந்தக் காலத்தில் வானொலிகளில் சாதாரணம். ஆகவே ஒலிபரப்பான வில்லுப்பாட்டோ நேர்காணலோ நேயர் ஒருவர் வீட்டு கேசட்டில் மட்டும் மிஞ்சியிருக்க வாய்ப்புண்டு. நம் ஊர் ஈரத்தில் அந்த நாடாவிலும் பூஞ்சை பிடிக்கிறது. 60 நிமிட கேசட்டைக் கணினியில் ஏற்ற முழுதாக 60 நிமிடம் ஓடவிட வேண்டும், குறுக்குவழி கிடையாது. இந்த வேலையை நானும் இரண்டு இளைஞர்களும்தான் செய்கிறோம்.

2004 சுனாமி, 2017 ஒக்கிப் புயல் நாட்களில் வானொலி கேட்டுக் காத்திருந்தவர்களின் நினைவுகளையும் கடற்கரை ஊர்களில் பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறோம். பண்பலை ஒலிபரப்பு ஆழ்கடலில் தங்கும் படகுகளுக்கு எட்டாது என்ற குறையை எல்லா ஊரிலும் சொன்னார்கள். அதையும் அப்படியே பதிந்திருக்கிறோம்.

இப்போது வருத்தமான பகுதி. கேசட் தருகிறேன் என்று மேடையில் சொன்னவர்களில் பலர் இன்னும் தரவில்லை. போனை எடுப்பதும் இல்லை. நிலையத்தின் 40-ஆம் ஆண்டு விழாக் கூட்டத்தில் பாதி நாற்காலிகள் காலி. வெளியூரிலிருந்து வந்த பழைய கலைஞர் ஒருவர் முன்னால் எனக்குத் தலை குனிய வேண்டியதாயிற்று. சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயரை வாசிக்கச் சொன்னார்கள். நான் வாசிக்கப் போவதில்லை, அவரவருக்கே தெரியும். 1924-இல் சென்னையில் கிருஷ்ணசாமி செட்டி தொடங்கிய மாகாண ரேடியோ கிளப், பணமில்லாமல் 1927-இல் மூடப்பட்டது. சென்னைக்கு ஒலிபரப்பை முதலில் கொண்டுவந்த சங்கத்துக்கே அந்த கதி என்பதை உறுப்பினர்கள் யோசிக்க வேண்டும்.

கணக்கைப் பொறுத்தவரை, செலவு வரவைத் தாண்டிவிட்டது. நன்கொடையால் ஓரளவு சமாளித்தோம். விவரம் பொருளாளரிடம் இருக்கிறது, கேட்டுப் பார்க்கலாம். இடம் தந்த நூலகத்தார், ஒலிபெருக்கி தந்தவர், தேநீர் ஏற்பாடு செய்த மகளிர் அணி, தணிக்கையாளர் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு நேர்காணல்களைப் புத்தகமாக்க வேண்டும். முதல் நாள் ஒலிபரப்பைக் கேட்டவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது, தள்ளிப்போட முடியாது. செயலாளர் பொறுப்புக்கு வேறு யாராவது முன்வந்தால் கோப்புகளை இன்றைக்கே ஒப்படைக்கத் தயார். நானே தொடர வேண்டும் என்று சபை விரும்பினால், கூட்டம் முடிந்ததும் பொருளாளர் வாசலருகே ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார். கேசட்டுகளை என் வீட்டில் எந்த நேரமும் கொடுக்கலாம்.